மருத்துவச்சியின் நோட்டுக்கு நிதி கேட்ட கதை

எங்கள் கண்காட்சி அறையின் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போயிருந்த அந்தத் துண்டுச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன். பிஸ்கட் அட்டையைக் கிழித்து, அதன் உட்புறத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்கள். “இரண்டு பஸ் மாறி வந்தோம். பூட்டியிருக்கிறது. தாத்தா செய்த ஏர் உள்ளே இருப்பதாகச் சொன்னார்கள். அவருக்குக் காட்டத்தான் கூட்டிவந்தோம்.” பெயரும் இல்லை, தொலைபேசி எண்ணும் இல்லை. அந்தப் பெரியவரைத் தேடிப் பார்த்தோம், கண்டுபிடிக்க முடியவில்லை.

அந்தக் கண்காட்சிக்கு நாங்கள் மானியம் வாங்கியிருந்தோம். உழவுக் கருவிகள், தச்சுக் கருவிகள், நெசவுக் கருவிகள் என்று மூன்று பகுதிகள். கண்ணாடிப் பேழைகளுக்கு நிதி கேட்டோம், கிடைத்தது. விளக்குகளுக்குக் கேட்டோம், கிடைத்தது. தொட்டால் பேசும் திரை ஒன்றுக்கும் கேட்டோம், அதுவும் கிடைத்தது. திறப்பு விழாவுக்குக்கூட ஒரு தொகை ஒதுக்கினார்கள். காலையில் கதவைத் திறந்து மாலையில் பூட்டுகிற ஆளுக்கு மட்டும் நாங்கள் எதுவும் கேட்கவில்லை. குழுவில் பதினோரு பேர் இருக்கிறோமே, முறை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தோம். ஏழாவது மாதம் திரை அணைந்தது. பத்தாவது மாதம், அதிகம் வந்துகொண்டிருந்த இளைஞருக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. அதன் பிறகு கதவு திறக்கும் நாளும் திறக்காத நாளும் எங்களுக்கே தெரியாமல் போயிற்று. நிதி தந்தவர்களுக்கு அனுப்பிய இறுதி அறிக்கையில் “திட்டமிட்ட பணிகள் அனைத்தும் நிறைவடைந்தன” என்று எழுதினேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அந்த அட்டைத் துண்டு கையில் கிடைத்த அன்று, அந்த வரியை எழுதியதற்காக வெட்கப்பட்டேன்.

உள்ளூர் வரலாற்றுக் கண்காட்சிக்கு நிதி தேடும் சிறு குழுக்கள் சமீபகாலமாக என்னிடம் வந்து கேட்கிறார்கள்: விண்ணப்பத்தை எப்படி எழுதுவது, எந்தச் சொல்லைப் போட்டால் பணம் வரும் என்று. அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. எங்கள் இரண்டாவது விண்ணப்பத்தை வைத்தே சொல்கிறேன். அது ஒரு மருத்துவச்சியின் நோட்டுகளுக்காக எழுதப்பட்டது.

அந்த நோட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தவர் அவருடைய பேத்தி. அவருக்கே எண்பது வயதுக்கு மேல். நான்கு நோட்டுகளையும் பழைய சேலைத்துணியில் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். “தம்பி, எனக்குப் பிறகு இதை எடைக்குப் போட்டுவிடுவார்கள். நீ வைத்துக்கொள். ஆனால் கண்ணாடிக்குள்ளே போட்டு மூடிவிடாதே, நாலு பேர் படிக்கட்டும்” என்றார்.

முதல் நோட்டைப் பிரித்தபோது வலது மூலைகள் எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கேறி, கண்ணாடித்தாள் போல ஒளி ஊடுருவின. முப்பத்தொரு வருடங்கள் ஒரே கட்டைவிரல் புரட்டிய அடையாளம் அது. ஒவ்வொரு வரியிலும் தேதி, நேரம், வீடு, தாயின் பெயர், ஆண் அல்லது பெண். கடைசிக் கட்டத்தில் சிலநேரம் இரண்டொரு சொற்கள். “மழை. ஆறு தாண்டிப் போனேன்.” “விளக்கு அணைந்தது.” “இரட்டை. இரண்டாவது அழவில்லை, பிறகு அழுதது.” இறந்த குழந்தைகளுக்கு எதிரே சொல் எதுவும் இல்லை. சிறியதாக ஒரு சுழி மட்டும் இருக்கிறது. எல்லாச் சுழிகளும் ஒரே அளவில், ஒரே நிதானத்தில் போடப்பட்டவை. ஓரிடத்தில் மட்டும் பேனா தாளைக் குத்திக் கிழித்திருக்கிறது. அந்த வரியில் இருக்கும் தாயின் பெயர், மருத்துவச்சியின் மகளுடைய பெயர்.

இதைக் காட்சிப்படுத்த வேண்டும் என்று தீர்மானிக்க எங்களுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எதற்கு நிதி கேட்பது என்று தீர்மானிக்கத்தான் எட்டு மாதங்கள் ஆயின.

முதலில் எழுதிய வரைவு பழைய தவற்றின் மறுபதிப்பாகவே இருந்தது. பேழைகள், விளக்குகள், சுவர் வண்ணம். ஒரு நிதி அமைப்புக்கு அனுப்பினோம், நிராகரித்தார்கள். காரணமாக ஒரே ஒரு வாக்கியம் எழுதியிருந்தார்கள்: வருகிறவர் யார், அவர் எதைத் தெரிந்துகொண்டு திரும்புவார் என்பது விளங்கவில்லை. கோபம் வந்தது. இரண்டு நாள் கழித்து வரைவை மறுபடி படித்தேன். பத்துப் பக்கங்களில் “பார்வையாளர்” என்ற சொல் நான்கு இடங்களில் வந்திருந்தது, நான்கிலும் எண்ணிக்கையாகவே வந்திருந்தது.

இந்த மாதிரிப் பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்வது விண்ணப்பம் எழுதுவதில் பாதி வேலை. ஒவ்வொரு பணப்பைக்கும் ஒரு குணம் இருக்கிறது. பிரிட்டனில் 1994-இல் தேசிய லாட்டரி தொடங்கியபோதே அதன் வருவாயில் ஒரு பங்கைப் பாரம்பரியத்துக்கு ஒதுக்கினார்கள். அந்த நிதியம்தான் 2019 முதல் தேசிய லாட்டரி பாரம்பரிய நிதியம் என்ற பெயரில் இயங்குகிறது. லாட்டரிச் சீட்டு வாங்கிய சாதாரண மக்களின் பணம் என்பதால், யாருக்குப் பயன், இதுவரை வராதவர்கள் வருவார்களா என்பதே அங்கே முதல் கேள்வி. அமெரிக்காவில் 1976-இல் ஏற்படுத்திய வரலாற்றுப் பாதுகாப்பு நிதிக்குக் கடலடியில் எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் குத்தகை வருவாயிலிருந்து பணம் ஒதுக்கினார்கள். தீர்ந்துபோகிற ஒரு செல்வத்தை எடுத்து, தீரக் கூடாத இன்னொன்றைக் காக்கச் செலவிடுவது என்ற அந்த எண்ணம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இந்தியாவில் மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் அருங்காட்சியக மானியத் திட்டம், புதிய அருங்காட்சியகம் அமைக்கவும், இருப்பதை நவீனப்படுத்தவும், சேகரிப்புகளை எண்ணிமப்படுத்தவும் (டிஜிட்டல் வடிவில் பதியவும்) உதவுகிறது.

மரபுச் சுற்றுலாவை நேரடியாகக் குறிவைத்த திட்டங்களும் இருந்திருக்கின்றன. அமெரிக்காவில் 2003-இல் அதிபரின் ஆணை வழியாக ‘பிரிசர்வ் அமெரிக்கா’ என்ற முயற்சி வந்தது. அதன் மானியத்தில் கட்டடம் பழுதுபார்க்க முடியாது. திட்டமிடல், விளக்கக் காட்சிகள், பயிற்சி, ஊரை வெளியே தெரியப்படுத்துதல் ஆகியவற்றுக்குத்தான் பணம். வாங்குகிறவர்களும் சமபங்கு போட வேண்டும். அந்த மானியம் சில ஆண்டுகளிலேயே நின்றுவிட்டது. ஆனால் அதன் விதியை நான் பலருக்கும் எடுத்துச் சொல்வதுண்டு: செங்கல்லுக்குத் தர ஆள் இருக்கிறார்கள், கதை சொல்வதற்குத் தனியாக ஒரு பை வேண்டும் என்று அதை வகுத்தவர்கள் புரிந்துவைத்திருந்தார்கள். அதனால் எந்த மானிய அறிவிப்பைப் படித்தாலும், எதற்குத் தருவார்கள் என்பதைவிட எதற்குத் தரமாட்டார்கள் என்ற பகுதியை முதலில் படியுங்கள். நாள் மிச்சமாகும்.

‘மரபுச் சுற்றுலா’ என்ற சொல்லை நான் தொடக்கத்தில் நம்பவில்லை. நம் பாட்டிகளின் வாழ்க்கையை யாரோ வந்து படம் எடுத்துப் போவதற்கு ஏன் அலங்கரிக்க வேண்டும் என்று நினைத்தேன். என் எண்ணத்தை மாற்றியது அந்த அட்டைத் துண்டுதான். இரண்டு பஸ் மாறி வந்தவர்களும் சுற்றுலாப் பயணிகளே. தன் கையால் செய்த ஏரைப் பார்க்க வந்த பெரியவரைவிடப் பெரிய பயணி யார்? நினைவுச் சின்னங்களுக்கான ஐகோமோஸ் என்ற உலக அமைப்பு 1999-இல் ஏற்றுக்கொண்ட பண்பாட்டுச் சுற்றுலாச் சாசனம், சுற்றுலாவின் பயன் அந்த இடத்து மக்களுக்குச் சேர வேண்டும், திட்டமிடும்போதே அவர்கள் உடனிருக்க வேண்டும் என்று சொல்கிறது. 2022-இல் அதைத் திருத்தியபோது இந்தக் கருத்து இன்னும் அழுத்தம் பெற்றது. அதே ஆண்டில் ஐகாம் என்ற உலக அருங்காட்சியக அமைப்பு ஏற்றுக்கொண்ட அருங்காட்சியகத்துக்கான புதிய வரையறையிலும் சமூகங்களின் பங்கேற்பு இடம்பெற்றிருக்கிறது. இவற்றை விண்ணப்பத்தில் மேற்கோளாகப் போட்டு அலங்கரிப்பதில் பயனில்லை. அதன்படி நடந்தீர்களா என்றுதான் மதிப்பீட்டாளர் பார்ப்பார்.

நாங்கள் நடந்த விதம் இது. நோட்டுகளில் பெயர் இருக்கும் வீடுகளுக்குப் போனோம். பிறந்தவர்கள் பலர் உயிரோடு இருக்கிறார்கள். தாய்மார்களின் பெயர்கள் இருக்கின்றன. சுழிகள் இருக்கின்றன. தன் தாய்க்கு முன்னொரு குழந்தை பிறந்து இறந்தது என்பதே தெரியாத பிள்ளைகள் இருப்பார்கள். அந்தச் செய்தியை ஒரு கண்காட்சிச் சுவரில் படித்து அவர்கள் தெரிந்துகொள்ளக் கூடாது. குடும்பத்தினர் சம்மதித்த பக்கங்களை மட்டுமே திறந்து வைப்பது, மற்றவற்றை உரிய குடும்பத்தார் தனியே வந்து கேட்டால் காட்டுவது என்று முடிவெடுத்தோம். இந்த முடிவையும் அதற்கான காரணத்தையும் விண்ணப்பத்தில் ஒரு பக்கம் எழுதினோம். பின்னால் எங்களை நேர்காணல் செய்தவர்கள் அதிக நேரம் பேசியது அந்தப் பக்கத்தைப் பற்றித்தான்.

நோட்டுகளைக் காப்பது பற்றியும் எழுதினோம். காகிதத்துக்கு ஒளி எதிரி. தாளும் துணியும் இருக்கும் இடத்தில் 50 லக்ஸுக்கு மேல் ஒளி கூடாது என்பது அருங்காட்சியகங்களில் பரவலாகப் பின்பற்றும் அளவு. ஒளியால் ஏற்படும் சேதம் கூடிக்கொண்டே போகுமே தவிர, இருட்டில் வைத்தால் ஆறிவிடாது. ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுவது, மற்ற நேரத்துக்கு அச்சு அசலான நகல் வைப்பது என்று திட்டமிட்டோம். பேத்தி கேட்டுக்கொண்டபடி நாலு பேர் படிப்பதற்கு அந்த நகல்தான் வழி. சம்மதம் கிடைத்த பக்கங்களின் நகலை யார் வேண்டுமானாலும் கையில் எடுத்துப் புரட்டலாம். நகலெடுக்க வேண்டுமென்றால் முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் முறையாகப் படமெடுக்க வேண்டும். அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்காக பிரிட்டிஷ் நூலகம் 2004 முதல் நடத்தும் திட்டத்தில் மூல ஆவணம் பிறந்த நாட்டை விட்டுப் போகாது, எண்ணிமப் படி மட்டுமே உலகத்துக்குப் போகும். அந்த நெறியை நாங்களும் எடுத்துக்கொண்டோம். மூல நோட்டுகள் பேத்தியின் குடும்பத்துக்கே சொந்தம், எங்களிடம் இருப்பது பாதுகாப்புக்காக. அதை எழுத்தில் கொடுத்தோம்.

இனி ஆள் விஷயம். 1891-இல் ஸ்டாக்ஹோமில் ஸ்கேன்சன் திறந்தவெளி அருங்காட்சியகத்தைத் தொடங்கிய ஆர்தர் ஹசேலியஸ், பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தியதோடு விடவில்லை. அந்த வீடுகளுக்குள் மனிதர்களை வைத்தார். வேலை செய்து காட்டவும் வந்தவரோடு பேசவும் ஆள் இருந்தார்கள். அமெரிக்க தேசியப் பூங்காக்களைச் சுற்றிப் பார்த்து, விளக்கம் சொல்வதன் நெறிகளை 1957-இல் வகுத்த ஃப்ரீமன் டில்டனின் முதல் நெறியும் இதையொட்டியதே: காட்டுகிற பொருளைப் பார்க்கிறவரின் சொந்த அனுபவத்தோடு இணைக்காத விளக்கம் மலட்டு விளக்கம். அதைத் திரையால் செய்ய முடியாது என்று நான் சொல்லவில்லை. எங்கள் திரை ஏழு மாதம் செய்தது. ஆனால் வாசலில் நிற்கிறவரின் முகத்தைப் பார்த்து, இவர் யாரைத் தேடி வந்திருக்கிறார் என்று கண்டுகொள்ள ஒரு மனிதர் வேண்டும்.

எங்களுக்குக் கிடைத்தவர் ஓய்வு பெற்ற ஒரு தபால்காரர். மருத்துவச்சி நடந்த தெருக்களில் அவர் முப்பது வருடங்கள் சைக்கிளில் போனவர். எந்த வீடு எப்போது இடிந்தது, எந்தக் குடும்பம் எங்கே குடிபெயர்ந்தது என்பதெல்லாம் முகவரிகளாகவே அவர் நினைவில் இருந்தன. அவரிடம் ஊதியம் பற்றிப் பேசியபோது கூச்சப்பட்டார்.

“சார், வீட்டில் சும்மா இருப்பதற்கு இங்கே வந்து இருக்கிறேன். சம்பளமெல்லாம் எதற்கு?”

“அண்ணே, நீங்கள் சும்மா வந்தால், வராத நாளில் ஏன் வரவில்லை என்று கேட்க எனக்கு வாய் வராது” என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “அதுவும் சரிதான்” என்று சொல்லிவிட்டு, வார விடுமுறை எந்த நாள் என்று கேட்டார்.

புதிய விண்ணப்பத்தில் கேட்ட தொகையில் பாதிக்கு மேல் அவருடைய ஊதியமும், அவர் விடுப்பு எடுக்கும் நாளில் வருகிறவருக்கான கூலியும்தான். பேழை இரண்டுதான், அவையும் பழைய கண்காட்சியில் இருந்தவை. குழுவிலேயே சிலர் எதிர்த்தார்கள். கண்ணுக்குத் தெரிகிற பொருள் இல்லாமல் யார் பணம் தருவார்கள் என்று கேட்டார்கள். அவர்கள் பயத்தில் நியாயம் இருந்தது. பல நிதி அமைப்புகள் நடைமுறைச் செலவுக்குத் தருவதே இல்லை, திட்டச் செலவுக்கு மட்டும் தருகின்றன. அதனால் ஊதியம் என்பதைத் தனியாகத் தொங்கவிடாமல், அவர் செய்யப்போகும் வேலையோடு கட்டினோம். அந்த வேலைதான் நடை.

மருத்துவச்சி நடந்த பாதை நோட்டிலேயே இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட மழைநாளில் மூன்று பிரசவங்கள். எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்கு, எத்தனை மணிக்குப் போனார் என்று அவரே எழுதியிருக்கிறார். அந்த ஒரு நாளின் பாதையை வரைபடமாக்கினோம். ஆற்றங்கரையில் அவர் தாண்டிய துறை, விளக்கு அணைந்த வீடு, இப்போது வெறும் மனையாகக் கிடக்கும் மூன்றாவது வீடு. காட்சி அறையில் தொடங்கி இரண்டரை மணிநேரம் தபால்காரரோடு நடந்தால் அந்த நாளை நடந்து முடிக்கலாம். மரபுச் சுற்றுலாவுக்கு நிதி தருகிறவர்கள் எதிர்பார்ப்பது இதைத்தான். அறைக்குள் வந்தவர் இருபது நிமிடத்தில் வெளியேறினால் ஊருக்கு எதுவும் மிஞ்சாது. அரை நாள் தங்கினால் சாப்பிடுவார், ஓய்வெடுப்பார், கடையில் ஏதாவது வாங்குவார், மறுபடி வரலாமா என்று யோசிப்பார். இங்கிலாந்தின் அயர்ன்பிரிட்ஜ் பள்ளத்தாக்கில் 1779-இல் கட்டிய இரும்புப் பாலத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், 1967-இல் அமைந்த அறக்கட்டளை உலைகள், ஓட்டுத் தொழிற்சாலை, தொழிலாளர் குடியிருப்பு என்று பள்ளத்தாக்கு முழுவதையும் ஒரே கதையாகக் கோத்தது. 1986-இல் அந்தப் பள்ளத்தாக்கு உலகப் பாரம்பரியச் சின்னமும் ஆயிற்று. நம் அளவு மிகச் சிறியது, வழி ஒன்றுதான்.

பணம் சார்ந்த சில விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இவற்றில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பெரும்பாலான மானியங்கள் உங்கள் பங்காக ஒரு பகுதியைக் கேட்கும். அது ரொக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தன்னார்வலர்களின் நேரத்தையும், இலவசமாகக் கிடைத்த இடத்தின் வாடகை மதிப்பையும் பல திட்டங்கள் ஏற்கின்றன, கணக்கு வைத்திருந்தால். முதல் நாளிலிருந்தே ஒரு வருகைப் பதிவேடு போடுங்கள். செலவு செய்து ரசீது காட்டிய பிறகே பணம் தரும் திட்டங்கள் உண்டு. கையில் காசில்லாத குழு அதில் மாட்டிக்கொண்டால் பாதி வழியில் நிற்கும். முன்பணமோ தவணையோ உண்டா என்று விண்ணப்பிக்கும் முன்பே அலுவலரிடம் கேட்டுவிடுங்கள், கேட்பதில் எந்தக் குறையும் இல்லை. ஆதரவுக் கடிதங்களை நீங்களே எழுதிக் கையெழுத்து மட்டும் வாங்காதீர்கள். எங்களுக்குப் பத்துக் கடிதங்கள் வந்தன. அவற்றில் எங்களுக்கு உதவியது தங்கும் விடுதி நடத்தும் அம்மையார் தம் கையால் எழுதிய நான்கு வரி: வருகிறவர்கள் இங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள், பதில் சொல்ல எனக்கு ஒன்று வேண்டும்.

நிதி கிடைத்தது. கேட்டதில் முழுவதும் வரவில்லை. நகலெடுக்கும் செலவைக் குறைத்தார்கள், ஊதியத்தில் கை வைக்கவில்லை.

கண்காட்சி இப்போது வாரத்தில் ஐந்து நாள் திறந்திருக்கிறது. நேரம் கதவிலும் பஸ் நிலையத்திலும் எழுதியிருக்கிறது, எழுதிய நேரத்தில் கதவு திறக்கிறது. வருகிறவர்களிடம் தபால்காரர் மூன்று கேள்விகள் கேட்டுக் குறித்துக்கொள்வார்: எங்கிருந்து வருகிறீர்கள், இதற்காகவே வந்தீர்களா, இங்கிருந்து எங்கே போகிறீர்கள். மூன்றாவது கேள்விக்கான பதில்களை அடுத்த விண்ணப்பத்தில் இணைத்திருக்கிறேன். வெறும் தலைக்கணக்கைவிட அந்தப் பட்டியல் நிறையப் பேசுகிறது.

சென்ற மாதம் ஒருவர் வந்தார். அறுபத்தெட்டு வயது. தன் பிறந்த தேதியும் தாயின் பெயரும் சொன்னார். தபால்காரர் மூன்றாவது நோட்டின் நகலை எடுத்து, பக்கத்தைத் தேடிப் பிடித்து, அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார். கடைசிக் கட்டத்தில் “விடியும்வரை இருந்தேன்” என்று எழுதியிருந்தது. அவர் அந்த இரண்டு சொற்களை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். தன் தாய் தன்னைப் பெற்ற இரவில் தனியாக இருக்கவில்லை என்பது தனக்கு இன்றைக்குத்தான் தெரியும் என்றார். அன்று பிற்பகல் நடைக்கும் வந்தார். ஆற்றுத்துறையில் நெடுநேரம் நின்றார்.

அடுத்த மானியத்துக்கான படிவம் இப்போது என் மேசையில் இருக்கிறது. ஊதியப் பகுதியில் பதினெட்டு மாதங்கள் என்று முதலில் எழுதியிருந்தேன். நேற்றிரவு அதை அடித்துவிட்டு முப்பத்தாறு என்று எழுதினேன். பக்கத்தில் காரணம் கேட்கும் கட்டம் ஒன்று இருக்கிறது. அதற்கான இணைப்பாக அந்தப் பிஸ்கட் அட்டையைப் படியெடுத்து வைத்திருக்கிறேன்.